மூன்றாவது பத்தியில் மழை

எடை அளவை அலுவலகத்திலிருந்து கடந்த இருபத்திரண்டு வருடங்களில் முப்பத்து நான்கு பேர் ஓய்வு பெற்றுப் போயிருக்கிறார்கள். முப்பத்து நான்கு பேரும் தங்கமானவர்கள். சந்தேகம் இருந்தால் அவரவர் வீட்டுக்குப் போய் முன்னறைச் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். கொடி வரைந்த கரையோடு, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒரு பாராட்டு மடல் தொங்கும். எல்லாவற்றையும் எழுதியவள் அங்கே தலைமை எழுத்தராக இருப்பவள். நேரில் அவளை அக்கா என்பார்கள். அவள் தலை மறைந்ததும் மடலக்கா.

அவள் கை பட்டால் யாரும் தேறிவிடுவார்கள். நாற்காலியில் தூங்கித் தூங்கி, ஒருமுறை தராசுத் தட்டிலேயே தலையைச் சாய்த்துவிட்ட ஆசாமி 'எந்த நிலையிலும் பதற்றம் அறியாதவர்' ஆனார். வாசல் பெருக்குகிறவரிலிருந்து மேலதிகாரிவரை ஒருவர் பாக்கியில்லாமல் சண்டை போட்ட அம்மாள் 'மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்' ஆனார். முதல் பத்தியில் குணம், இரண்டாவதில் உழைப்பு. மூன்றாவது பத்தியில் யாராக இருந்தாலும் மழையில் நனைந்தாக வேண்டும். 'கொட்டும் மழையிலும் ஒரு நாளேனும் தாமதியாமல்' என்று வந்துவிடும். அலுவலகத்துக்கு எதிர்வீட்டில் குடியிருந்து, சாலையைக் கடந்தால் வேலை என்றிருந்தவரையும் அவள் விட்டதில்லை. அந்த வரி வரும்போது பின்வரிசையில் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொள்வது வழக்கம். மடலக்காவுக்கு மட்டும் அது தெரியாது. எழுதுகிறவர்களுக்குப் பின்வரிசை தெரிவதில்லை.

இந்த மாதக் கடைசியில் மடலக்காவே ஓய்வு பெறுகிறாள்.

அவளுக்கு யார் எழுதுவது என்ற பேச்சு எழுந்தபோது ஆளாளுக்கு மேசைக்குக் கீழே எதையோ தேடினார்கள். அதிகாரி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரசீது மேசைப் பெண்ணைக் கைகாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தவிர அவளுக்கு வேறு தகுதி கிடையாது. அவளை அலுவலகத்தில் அவசரம் என்பார்கள். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். நாலு மணி அடித்தால் ஒரு கையில் பை, ஒரு கையில் செருப்பு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓட்டம். அவசரம் எழுதினால் எப்படி இருக்கும்? மடலக்காவுக்கு அன்றைக்கு ஆரம்பித்தது இருப்புக் கொள்ளாமை.

வேறு யாராக இருந்தாலும் சும்மா இருந்திருப்பார்கள். மடல் எப்படிச் சமைக்கப்படுகிறது என்று அவளுக்கல்லவா தெரியும். எந்தக் குறையின் மேல் எந்த வார்த்தையைப் பூசினோம் என்று முப்பத்து நான்கு பேர் விஷயத்திலும் அவளால் விரல் விட்டுச் சொல்ல முடியும். தனக்கு எதைப் பூசுவார்கள்? 'கண்டிப்பானவர்' என்று வந்தால் கடுகடுப்பு என்று அர்த்தம். 'நுணுக்கமாகப் பார்ப்பவர்' என்றால் நச்சரிப்பு. 'அமைதியானவர்' என்றால் ஒன்றும் தோன்றவில்லை என்று அர்த்தம். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இந்த ஏக்கம் நேற்று முளைத்ததல்ல. வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவள் அழகி, கடைசியவள் கெட்டிக்காரி. யாராவது விருந்தாளி வந்தால் அம்மா இந்த இரண்டு பேரையும் பெருமையாகக் காட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "நடுவுல இவ. கையெழுத்து நல்லா இருக்கும்" என்பாள். அன்றிலிருந்து யாருக்காவது எதையாவது எழுதிக் கொடுத்தால்தான் தனக்கு ஓர் இடம் என்று அவளுக்குப் பதிந்துபோயிற்று. அக்காவின் காதல் கடிதங்கள்கூட இவள் எழுதியவைதான். அந்த மனிதர் கையெழுத்தைப் பார்த்து மயங்கி, அழகியைக் கட்டிக்கொண்டு போனார்.

ஆனால் அவளிடமும் ஒரு விஷயம் இருந்தது. மடலில் வர வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் ஏங்கியது அந்த ஒன்றுக்காகத்தான்.

கடைக்காரர்கள் தங்கள் தராசுகளையும் எடைக்கற்களையும் அந்த அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சரிபார்த்து, ஈய முத்திரை வாங்கிப் போக வேண்டும். அந்தக் கற்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க, வெல்வெட் பெட்டிக்குள் அலுவலகத்தின் சொந்தக் கற்கள் இருக்கும். தாய்க்கல் என்பார்கள். பதினோரு வருடங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரிக்குப் பித்தளை பளபளக்க வேண்டும். வாரா வாரம் ஐந்து கிலோ தாய்க்கல்லைப் பொடி போட்டுத் தேய்க்கச் சொல்வார். தேய்த்துத் தேய்த்துக் கல் மூன்று கிராம் இளைத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவள் இவள். ஒரு வருடமாக ஊரில் அடித்த முத்திரையெல்லாம் தப்பு என்றாகிவிட்டது. 'வெளியே மூச்சு விடாதே' என்று அதிகாரி சொல்லிப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். இவள் கேட்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிவிட்டாள், நல்ல கையெழுத்தில். அதிகாரி மாற்றலாகிப் போனார். மற்றவர்கள் நான்கு மாதம் விடுமுறை இல்லாமல் கடை கடையாக ஏறி இறங்கி எல்லாத் தராசையும் மறுபடி சோதித்தார்கள். அந்த நான்கு மாதமும் அவளோடு யாரும் சேர்ந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுத்ததுமில்லை. அது அவர்கள் மனத்தில் நன்மைக் கணக்கில் இருக்கிறதா, வன்மக் கணக்கில் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக முடியாது போலிருந்தது.

அவசரத்திடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். பெட்டியைத் துடைக்கிற சாக்கில் அவள் மேசைக்குப் போய், "இந்த அஞ்சு கிலோக் கல்லுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு, தெரியுமா உனக்கு?" என்றாள்.

"எப்பக்கா?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

"அப்ப நான் காலேஜ்ல இருந்தேன்கா" என்றாள் அவசரம். அதற்குள் அவள் கைபேசி அடித்தது. பிள்ளைக்கு வகுப்பில் மூக்கில் ரத்தமாம். கதை அங்கேயே நின்றது.

பிறகு மடலக்கா ஆதாரம் சேர்க்க ஆரம்பித்தாள். காலையில் எத்தனை பேர் தாமாக வணக்கம் சொல்கிறார்கள், எத்தனை பேர் இவள் சொன்ன பிறகு சொல்கிறார்கள் என்று எண்ணினாள். தான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றால் ஒரு குறி. நிற்காவிட்டாலும் ஒரு குறி, வந்ததையே கவனிக்கவில்லையே. ஒருநாள் வேண்டுமென்றே அரைநாள் விடுப்பு எடுத்து வீட்டில் உட்கார்ந்தாள். கோப்பு எங்கே, சாவி எங்கே என்று யாராவது கூப்பிடுகிறார்களா பார்க்கலாம் என்று. கைபேசியை மடியிலேயே வைத்திருந்தாள். மூன்று மணிநேரத்தில் ஒரே ஒரு அழைப்பு வந்தது. கடைக்குப் போன வீட்டுக்காரர், சோப்பு எந்தச் சோப்பு என்று கேட்டார்.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதையும், மடித்த துணியை மறுபடி மடிப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் காலை, அவள் அலுவலகத்துக்குக் கிளம்பி, வாசல்வரை போய், திரும்பி வந்து கண்ணாடி பார்த்து, மறுபடி வாசல்வரை போனபோது வாயைத் திறந்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டுனேன். எறங்கிப் போறவன் எவனாவது 'நல்லா ஓட்டுனீங்க'ன்னு சொன்னானா? ஒருத்தன் சொன்னான். அவன் குடிச்சிருந்தான்."

"அதோட விட்டுட்டீங்களா?"

வீட்டுக்காரர் செய்தித்தாளை ஒரு பக்கம் புரட்டினார். "அவன் எறங்குன ஸ்டாப் வர்றப்பல்லாம் கண்ணாடியில பார்ப்பேன், ஏறுறானான்னு" என்றார்.

விழா ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவசரம் வழக்கம்போலப் பையும் செருப்புமாக ஓடினாள். கணினியை அணைக்க மறந்துவிட்டாள். சோதனைக்கூடத்தில் ஒரு பெரிய மேடைத் தராசைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் யாருமில்லை. மடலக்கா எதற்கோ எழுந்தாள், எதற்கோ நடந்தாள், அவசரத்தின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தான் உட்கார்ந்துவிட்டது அவளுக்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

திரையில் மடல் திறந்தே இருந்தது. தலைப்பில் அவள் பெயர். கீழே படிக்கப் படிக்க அவள் முகத்தில் ஈயாடவில்லை. 'கோப்புகளை அதனதன் இடத்தில் வைப்பதில் நிகரற்றவர்.' 'நேரம் தவறாதவர்.' இது ஆவண அறையில் இருந்து ஆறு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்ற மௌனத்தின் மடல். அந்த மனிதரை எல்லோரும் மௌனம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கு எழுதும்போது அவளுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்காமல், கைக்கு வந்ததை வைத்து இருபது நிமிடத்தில் ஒப்பேற்றியது. முப்பத்து நான்கிலும் மட்டமான மடல் அதுதான். அதை எடுத்து, தலைப்பில் பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறாள் அவசரம். மூன்றாவது பத்தியில் மழை வேறு பெய்துகொண்டிருந்தது.

ஆக, அவர்களுக்கு நான் மௌனம். அதுவும் இரண்டாம் கை மௌனம்.

மடலக்கா கதவைப் பார்த்தாள். பிறகு விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்தாள். மௌனத்தை முழுதாக அழித்துவிட்டு, தன் மடலைத் தானே எழுத ஆரம்பித்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த வார்த்தைகள் தனக்கென்றதும் பக்கத்தில் வர மறுத்தன. 'அன்பே உருவானவர்' என்று அடித்து, கூச்சப்பட்டு அழித்தாள். 'அறிவுத் திறன்' என்று அடித்ததும் தங்கையின் முகம் வந்தது, அழித்தாள். ஐந்து கிலோக் கல்லைப் பற்றி நான்கு வரி அடித்தாள். படித்துப் பார்த்தாள். யாரோ ஒருவர் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முயன்று கை எட்டாமல் தவிப்பது மாதிரி இருந்தது. அந்த நான்கு வரியையும் எடுத்துவிட்டாள். கடைசியில் நின்றது, 'பொறுப்பு மிக்கவர், பண்பு நிறைந்தவர், பலருக்கும் மடல் தந்த கைகளுக்குச் சொந்தக்காரர்' என்று இப்படியே போகிற ஒரு பக்கம். மூன்றாவது பத்தியில் மழையை வைக்கவில்லை என்று அவள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள். வைத்திருந்தாள். கை தானாக வைத்துவிட்டது.

சேமித்தாள். கணினியை அணைக்கவில்லை. நாற்காலியை எப்படி இருந்ததோ அப்படித் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், சனி ஞாயிறு இரண்டு நாளும் மடித்த துணியையே மடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவசரம் ஒன்றும் கேட்கவில்லை. திரையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்தாள், அச்சு இயந்திரத்தைத் தட்டிவிட்டாள். பாவம், எவ்வளவு மாறியிருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை என்று மடலக்கா நினைத்துக்கொண்டாள். நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

விழா சோதனைக்கூடத்தில் நடந்தது. மேடைத் தராசின் மேல் துணி விரித்துத் தேநீரும் பிஸ்கோத்தும் வைத்தார்கள். தட்டு வைக்க வைக்க, துணிக்குக் கீழே எண்கள் ஏறின. வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பழைய ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். மௌனமும் வந்திருந்தார், கடைசி வரிசையில், கையில் ஒரு மடித்த குடையோடு.

அதிகாரி மடலைப் படித்தார். நல்ல குரல்தான். தான் எழுதிய சொற்கள் இன்னொருவர் வாயிலிருந்து தன்னை நோக்கி வருவதை மடலக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஏறவில்லை. தன் கையால் தனக்கே பரிமாறிக்கொண்ட தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. 'கொட்டும் மழையிலும்' என்ற வரிக்கு அதிகாரி வந்தபோது பின்வரிசையில் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. கல் தூக்குகிற உதவியாளன் அவசரத்தின் முழங்கையை இடித்ததை, முப்பத்தைந்தாவது மடலில் முதன்முறையாக, எதிரே உட்கார்ந்திருந்த மடலக்கா பார்த்தாள். காது சூடாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் எழுந்து இரண்டு வாக்கியம் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

தேநீர் நேரத்தில் மௌனம் பக்கத்தில் வந்து நின்றார். குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மறுபடி மாற்றினார். அவர் வாய் திறக்கப்போகிறார் என்று புரிந்துகொள்ளவே மடலக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நம்ம மடல் வீட்ல மாட்டியிருக்கு மேடம். வர்றவங்க படிப்பாங்க. நேரம் தவறாதவர்னு போட்டிருந்தீங்க. அதை நீங்க கவனிச்சிருப்பீங்கன்னு நான் நெனக்கலை."

அவள் கவனிக்கவில்லை. இருபது நிமிடத்தில் ஒப்பேற்றியது. மடலக்கா தேநீரைக் குடித்தாள்.

"ஆனா மழைன்னு எழுதியிருந்தீங்கல்ல" என்றார் மௌனம். "எனக்கு மழைல இழுப்பு வந்துரும். பெரிய மழைன்னா லீவுதான் போடுவேன். வீட்ல இன்னிக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க."

அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கேட்கவந்ததைக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணி, உங்களைப் பத்தி நாலு வரி எழுதித் தாங்கன்னு கேட்டுச்சு. எனக்கு எழுத வராது. ரெண்டு நாள் உக்காந்து எழுதி, கொண்டுவந்து குடுத்தேன். எல்லார்ட்டயும் வாங்கித்தான் மடல் போடப்போறோம்னுச்சு. இன்னிக்கு ஒரு வரிகூட வரலை." குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இல்ல போல. பரவால்ல" என்றார்.

மடலக்காவுக்கு வெள்ளிக்கிழமை திரையில் பார்த்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. அவசரம் பழைய மடலைக் கொடிக் கரைக்காகவும் எழுத்தின் அளவுக்காகவும் எடுத்து வைத்திருக்கிறாள். பெயரை மாற்றிவிட்டு, உள்ளே நிரப்புவதைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிவர ஓடியிருக்கிறாள். இடையில் நான் போய் உட்கார்ந்தேன்.

'ஆமாம், நேரமில்லாமல் விட்டுப்போச்சு' என்று சொல்லியிருந்தால் போதும். மௌனம் நம்பியிருப்பார். வீட்டுக்குப் போய் அந்த 'நல்லா இல்ல போல'வையும் சுவரில் மாட்டிக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டியிருப்பார், ஒரு வார்த்தை பேசாமல். அலுவலகத்தில் கடைசி நாள் இது. கடைசி அரைமணி நேரம். இருபத்திரண்டு வருடம் காப்பாற்றிய மரியாதையோடு படியிறங்கிவிடலாம். மடலக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தராசுத் துணியைத் தூக்கி, பிஸ்கோத்துத் தட்டின் எடையைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார்.

"உங்களோடது நல்லா இல்லாம இல்லண்ணே" என்றாள். குரல் கீழே போயிருந்தது. "நான் அதைப் பார்க்கவே இல்ல. அந்த மடலை நானே எழுதிக்கிட்டேன். யாருக்கும் தெரியாம."

மௌனம் குடையை மறுபடி கை மாற்றினார். "அதான் மழை வந்துச்சா" என்றார்.

மடலக்கா கோப்பையை வைத்துவிட்டு அவசரத்தைத் தேடிப் போனாள். முன்னறையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மணி நாலாகப் பத்து நிமிடம்.

"வெள்ளிக்கிழமை உன் கம்ப்யூட்டர்ல..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்கா."

"எப்படி?"

"மடலே மாறியிருந்துச்சு. அதுலயும் மூணாவது பத்தியில மழை." அவசரம் செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். "உங்களுக்கு இப்படித்தான் வேணும்போலன்னு நெனச்சேன். நான் தொட்டுக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். கோவமா வந்துச்சு, அது வேற. ஒரு வாரம் ஒவ்வொருத்தர் பின்னாடியா அலைஞ்சிருக்கேன். அதிகாரிகிட்ட ஒரு வரி வாங்க மூணு நாள் ஆச்சு."

"அந்தச் சீட்டெல்லாம் கிழிச்சிட்டியா?"

ஈய முத்திரைகள் வைக்கிற இழுப்பறையைத் திறந்து, ஒரு பழுப்பு உறையை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு அவசரம் ஓடிவிட்டாள். பிள்ளை காத்திருக்கும்.

காலியான முன்னறையில், தன்னுடையதல்லாத நாற்காலியில், மடலக்கா இரண்டாம் முறையாக உட்கார்ந்தாள். அலுவலகத்தில் அவளைத் தவிர ஆறு பேர். மௌனத்தோடு ஏழு. எல்லோருடைய கையெழுத்தும் அவளுக்கு மனப்பாடம்.

அதிகாரி: 'கடமை உணர்வு மிக்கவர்.' மூன்று நாள் அலையவிட்டு எழுதியது.

கல் தூக்குகிற உதவியாளன்: 'கல்லைச் சத்தமாக வைத்தால் அக்கா திட்டுவார்கள். இப்போது வீட்டில் தட்டு வைக்கும்போதும் சத்தம் வராமல்தான் வைக்கிறேன். என் மனைவி சந்தோஷப்படுகிறாள்.'

அவசரம்: 'இதை எழுதி என்ன ஆகப்போகிறது, அக்கா எப்படியும் வந்து திருத்திவிடுவார்கள். திருத்தினால் நன்றாகத்தான் இருக்கும். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது என் மேசை வேலையைச் செய்துவிட்டுச் செய்ததாகச் சொல்லாமல் போனார்கள்.'

இன்னும் மூன்று சீட்டு. அதில் ஒன்றில் வெறும் 'வாழ்க'.

மௌனத்தின் சீட்டு ஒரு முழுப் பக்கம். அடித்து அடித்து எழுதியிருந்தார். 'ஐந்து கிலோக் கல் விஷயத்தில் நான்கு மாதம் அலைந்தேன். அப்போது அவரைத் திட்டினேன். தேநீருக்குக் கூப்பிடவில்லை. ஒருநாள் என் மகன், உங்கள் ஆபீஸில் பெரிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டான். எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. அந்தக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது நானும் அவர் பக்கம் நின்ற மாதிரி சொல்லிவிட்டேன். நிற்கவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன்.'

அவள் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது எழுத்துகள் நனைந்த மாதிரி தெரிந்தன. கூடத்துக்கு ஓடினாள். மௌனம் வாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு நிறுத்தி, "படிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ஒரு துளி மழையும் இல்லாத வெயிலில் குடையை விரித்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போனார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மடலக்கா நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருப்பாள். உறையின் அடியில் எட்டாவதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சோதித்து முடித்த தராசில் ஒட்டுகிற வெள்ளை அச்சுச் சீட்டு. கையெழுத்து இல்லை, இயந்திர எழுத்து: 'அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.'

ஆட்கள் ஏழு, சீட்டு எட்டு. யாரோ ஒருவர் கையால் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு, மனது ஆறாமல் இதையும் அச்சடித்துப் போட்டிருக்கிறார். அவசரத்தைக் கூப்பிட்டுக் கேட்டால், தனக்கே தெரியாது, உறைக்குள் எப்படி வந்தது என்றும் தெரியாது என்கிறாள். வீட்டுக்காரர் ஏழு சீட்டையும் பொறுமையாகப் படித்து, மௌனத்துடையதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. எட்டாவது சீட்டு கைப்பையில் இருந்தது. பாத்திரம் கழுவும்போது அதிகாரியாக இருக்குமோ என்று தோன்றும். துணி காயப்போடும்போது, இல்லை, 'வாழ்க' என்று எழுதியவர்தான் என்று தோன்றும். ஏழு பேர் நல்லதாக எழுதியது ஏழு நிமிடத்தில் ஆறிவிட்டது. இந்த ஒரு வரி மட்டும் ஆறவே இல்லை. நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். அப்படியொன்றும் மோசமாக இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டேகால் பேருந்தில் அவளை ஏற்றிவிட்டதாக வீட்டுக்காரரே சொன்னார். பேனா மூடி ஒன்றை மேசையில் விட்டுவிட்டாளாம்.

மூடியைத் தேடுகிற சாக்கில் ஒவ்வொரு மேசைக்கும் போனாள். ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் ஒரு முழுச் சிரிப்பை வைத்தாள். வைத்துவிட்டு, அசையாமல் நின்று, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். உதவியாளன் கையிலிருந்த கல்லைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரசீது மேசையில் மட்டும் வரிசை நின்றிருந்தது. அவசரம் ரசீது கிழித்துக்கொண்டே ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா" என்றாள், "உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"